பனீர் உறைக்கு மைக்ரேஷன் டெஸ்ட்: ஃபாரத்தில் அந்த ஒரு கட்டத்தைக் கவனியுங்கள்

காரைக்குடியில் உட்கார்ந்து பனீர் உறைக்கான ஃபிலிம் பூசுவது பெரிய வேலை இல்லை. 1% அசிட்டிக் அமிலத்தில் கைட்டோசான் என்ற கிருமி எதிர்ப்புப் பொடியை 2% கரைத்து, மல் துணியில் வடிகட்டி, பிஎல்ஏ என்ற தாவரவகைப் பிளாஸ்டிக் ஃபிலிமில் பூசிக் காயவைத்தால் ஆயிற்று. வயிற்றெரிச்சல் எல்லாம் சென்னை லேபில் நடக்கும் மைக்ரேஷன் டெஸ்டில்தான்; உறையிலிருந்து உணவுக்குள் எவ்வளவு பொருள் இறங்குகிறது என்று பார்க்கும் சோதனை அது.

அதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 9845. அந்த ஃபாரத்தில் 'உணவு வகை' என்று ஒரு கட்டம் உண்டு. கவுன்டரில் இருந்தவர், "எல்லாத்துக்கும் போட்டுருங்க சார், பின்னாடி பிரச்சினை வராது" என்று தானே டிக் அடித்துவிட்டார். அதனால் 3% அசிட்டிக் அமிலத்திலும் ஊறப்போட்டார்கள். கைட்டோசானைக் கரைக்க நாம் ஊற்றுவதே அந்த அமிலம்தானே! பூச்சு மொத்தமும் இறங்கி, ரிப்போர்ட் ஃபெயில். கட்டணம் திரும்பாது. பனீரின் பிஹெச் 5க்கு மேல்; அமிலச் சோதனையே தேவையில்லை. 'அமிலமற்ற, கொழுப்புள்ள, குளிரில் வைக்கும் உணவு' என்று உங்கள் கையால் எழுதிக் கொடுங்கள். பல்லவன் ரயிலில் போனால் எழும்பூர் இறங்கவே மதியமாகிவிடும். சாம்பிள் எத்தனை மணி வரை வாங்குவார்கள் என்று முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள்.

தண்ணீர்ச் சோதனையையும் கொழுப்புக்கான சோதனையையும் தவிர்க்க முடியாது. வரம்பு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம், அதாவது சதுர மீட்டருக்கு 1 கிராம். பூச்சு 3 கிராம் இருந்தால், அமிலம் நீங்காத கைட்டோசான் தண்ணீரிலேயே கரைந்து வரம்பைத் தாண்டும். காய்ந்தபின் 1% காஸ்டிக் சோடாவில் சற்றே முக்கி, நன்றாக அலசுங்கள், பிறகு கரையாது. அதிக நேரம் ஊறினால் பிஎல்ஏ அரித்துவிடும். கிளிசரால் வேண்டவே வேண்டாம். பூச்சைத் தாங்க பிஎல்ஏ இருக்கிறது. கிளிசரால்தான் முதலில் தண்ணீரில் இறங்கும்.

காஸ்டிக் பட்டதும் கைட்டோசானின் கிருமி எதிர்ப்பு குறையும். ஆகவே கிராம்பு எண்ணெயைக் கடைசியில் எத்தனாலில் கலந்து, சதுர மீட்டருக்கு 0.4 கிராம் நிற்கும்படி தெளியுங்கள். முன்பே சேர்த்தால் அதிலுள்ள யூஜினால் என்ற சத்து காஸ்டிக்கில் கரைந்து போய்விடும். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் காயவைத்தாலும் எண்ணெய் பறந்துவிடும். நிழலில் விசிறிக் காற்று போதும்.

இப்படிச் செய்த சாம்பிள் பாஸ். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதுதான் மூச்சு வந்தது!

கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. சைவக் கடைகளுக்குக் காளான் கைட்டோசான் வாங்குங்கள், விலை கூடுதல். 'மக்கும்' என்று அச்சடிக்க ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 சோதனையும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்றிதழும் வேண்டும். அந்தச் சோதனை 180 நாள் வரை இழுக்கும், அதற்குள் உறையில் அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.