சேற்றுநீர்க் குளத்தோடு ஒரு பருவமழை

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் இசிஎம்ஓ வேலைக்கு, அதாவது மண்ணரிப்பையும் சேற்றுநீரையும் கவனிக்கும் வேலைக்கு, வரப்போகிற தம்பி தங்கைகள் சிலர் விவரம் கேட்டார்கள். ஒரு வடகிழக்குப் பருவமழையை முழுசாகத் தளத்தில் கழித்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

விதி ஒரு வரிதான். தளத்திலிருந்து பொது வடிகாலுக்குப் போகும் நீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நீர் வெளியேறும் இடத்தில் கேமரா இருக்கும். நீர் வளத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் கறாராக இருப்பது நியாயம்தான். தீவின் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில் விழும் மழை 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. நாம் வடிகாலில் விடுவதும் சுத்திகரிக்கப்பட்டு ஊர் குடிக்கும் நீரில் சேர்கிறது.

எங்கள் தளம் கருங்கல் சிதைந்து உண்டான செம்மண். மழை விழுந்த சில நிமிடங்களில் ஓரக் கால்வாய்களில் தே தாரிக் எனும் பால் தேநீரின் நிறத்தில் தண்ணீர் ஓடும். அதைக் குளத்தில் தேக்கி வைத்தால் தானாகத் தெளிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மணல் இறங்கிவிடும், களிமண் இறங்காது. துகளின் விட்டம் பாதியானால் அது இறங்கும் வேகம் நாலில் ஒரு பங்காகிவிடும். போதாததற்குக் களித்துகள்கள் எல்லாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நாள்கணக்கில் மிதக்கும். அதனால்தான் பாலி அலுமினியம் குளோரைடு சேர்க்கிறோம். அது மின்னூட்டத்தைச் சமன்செய்ததும் துகள்கள் திரண்டு கீழே போகும். இதிலும் அளவு முக்கியம். மருந்து அதிகமானால் நீர் மறுபடி கலங்கும், அமிலத்தன்மையும் கூடும். மழைக்கு மழை சேறு மாறுவதால், ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் குவளைகளில் வெவ்வேறு அளவு கலந்து பார்த்தே முடிவெடுப்போம்.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். கலங்கல் மீட்டர் அளப்பது நீர் ஒளியைச் சிதறடிப்பதை. திடப்பொருளின் எடையை அறிய, ஆய்வகத்தில் நீரை வடிகட்டி, வடிதாளைச் சுமார் 105 டிகிரியில் உலர்த்தி நிறுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள தொடர்பு மண்ணுக்கு மண் மாறும். பக்கத்துத் தளத்தின் கணக்கு நமக்கு உதவாது.

உண்மையான பாடு குளத்தைக் காலியாக வைத்திருப்பதில்தான். பம்ப் பார்த்துக்கொண்ட புதுக்கோட்டை அண்ணன் தினமும் மதியம் வந்து நிற்பார். "வானம் கருக்குது தம்பி, குளத்துல இடம் இருக்கா?" என்பார். அந்தக் கேள்விக்கு எப்போதும் ஆம் என்று சொல்லும் நிலையில் இருப்பதுதான் இந்த வேலை என்பேன். மழை இல்லாத நாளிலும் நிம்மதி கிடையாது. தேங்கிய நீரில் ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசு வளர்ந்துவிடும், அதற்குத் தனியாக மருந்து போட வேண்டும்.

அப்புறம், குளத்தைவிட நான் அதிகம் மல்லுக்கட்டியது மேலே திறந்து கிடக்கும் மண்ணோடு. தோண்டி முடித்த சரிவை அன்றைக்கே மூட வேண்டும். புல் பதிக்கலாம், தார்ப்பாய் போடலாம், மெல்லிய கான்கிரீட் ஊற்றலாம். மூடிய சரிவிலிருந்து வரும் நீரைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களிலும் இதே கதைதான் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அங்கே இரும்பு, அமிலம் என்று கூடுதல் தொல்லை. அமெரிக்காவில், சீரமைத்த சுரங்க நிலத்தில் கடைசியாக விதை போட்டு 2 ஆண்டுகள் ஆகும்வரை வண்டல் குளத்தை அகற்ற விடமாட்டார்கள். செடி வேர்பிடித்து மண்ணைத் தாங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குளத்தை எடுக்கிறார்கள். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. நம் தளங்களில், கட்டடம் எழும்பியதும் குளத்தை மூடச் சொல்லி வரும் நெருக்கடிக்கு இணங்காதீர்கள். புல் பிடிக்கட்டும்.

வேலையில் சேரும் முதல் நாளே ஒரு நீளக் கோலை விட்டுக் குளத்தின் அடியில் எவ்வளவு சேறு என்று அளந்து பாருங்கள். வரைபடத்தில் போட்டிருக்கும் கொள்ளளவில் பாதியைச் சேறு பிடித்திருந்தால், அடுத்த மழைக்கு உங்களிடம் பாதிக் குளம்தான் இருக்கிறது.