மருந்துச் சன்னலுக்கு இந்தப் பக்கம்

அரசு ஆஸ்பத்திரி மாத்திரை வெறும் மாவு, அதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று சொல்கிறவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருக்கும் எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டால் வருத்தமாக இருக்கிறது. குறை இல்லை என்பதால் அல்ல. குறை இருக்கும் இடம் வேறு. எல்லோரும் மாத்திரையின் தரத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பதால், கேட்க வேண்டிய கேள்வியை யாரும் கேட்பதில்லை.

எங்களுக்கு மருந்து வருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்திலிருந்து. 1994ல் தொடங்கிய நிறுவனம். மாநிலம் முழுவதற்கும் தேவையான மருந்தை ஒரே டெண்டரில், ஜெனரிக் பெயரில் (பிராண்ட் பெயர் இல்லாமல், மருந்தின் பெயரிலேயே), கம்பெனிகளிடமே நேரடியாக வாங்குகிறார்கள். மாவட்டக் கிடங்குக்கு வந்த சரக்கில் ஒவ்வொரு பேட்சிலும், அதாவது சேர்ந்து தயாரான ஒவ்வொரு தொகுதியிலும், மாதிரி எடுத்து, எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். முடிவு வரும்வரை அந்தப் பேட்ச் கிடங்கைவிட்டு நகராது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் இருக்கும் தொகைக்குள் நாங்கள் இன்டென்ட் (தேவைப் பட்டியல்) போட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பாட்டைப் பார்த்துத்தான் கேரளமும் ராஜஸ்தானும் தங்களுக்கென்று கழகங்கள் அமைத்தன.

அரசு வேலைக்கு வருவதற்கு முன் ஒரு மெடிக்கல் ஷாப்பில் இருந்தேன். ஐந்து நாளைக்கு ஆன்டிபயாட்டிக் எழுதிய சீட்டை நீட்டி, "ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்கண்ணே, மீதியை அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பார்கள். பெரும்பாலும் மீதியை வாங்க வரமாட்டார்கள். பாதி மருந்தோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தும், காசு இல்லாதவரிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது? இப்போது நான் உட்கார்ந்திருக்கும் சன்னலில் மருந்துக்குக் காசு இல்லை, அதனால் அந்தக் கேள்வியே வருவதில்லை. இதைவிடப் பெரிய நல்லது ஒன்றை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. இனி சொல்லப்போகும் குறைகளை எல்லாம் இதை மனதில் வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

முதலில் மாத்திரையின் நிறம். டெண்டரில் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். அதனால் கம்பெனி மாறும், அதோடு மாத்திரையின் நிறமும் வடிவமும் அட்டையும் மாறும். மருந்து அதேதான். ஆனால் எங்களிடம் வருகிற வயதானவர்களில் பலர் பெயரைப் படித்துச் சாப்பிடுகிறவர்கள் அல்ல. நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருக்கிறார்கள். "என்னப்பா, போன மாசம் வெள்ளையா குடுத்தே, இது ரோஸா இருக்கு?" என்று கேட்கிறவருக்காவது விளக்கிவிடலாம். கேட்காமல் போகிறவர்களை நினைத்துத்தான் எனக்குப் பயம். ஒரு பாட்டி, ரோஸ் நிறத்தில் வந்ததைப் புதிய மாத்திரை என்று நினைத்து, வீட்டில் மிச்சமிருந்த வெள்ளையையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார். தலைசுற்றிக் கீழே விழுந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிரஷர் மிகவும் இறங்கியிருந்தது. வீட்டிலிருக்கும் அட்டைகளை எல்லாம் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த பிறகுதான் இரண்டும் ஒரே மருந்து என்று தெரிந்தது.

ஒரே கம்பெனியிடம் தொடர்ந்து வாங்கலாமே என்றால், போட்டி போய்விடும், விலை ஏறும், வேண்டியவர்களுக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சும் வரும். ஆனால் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய சில சுகர், பிரஷர் மாத்திரைகளுக்கு மட்டும் நிறமும் வடிவமும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதலாம். விலை கொஞ்சம் கூடினாலும் கூடட்டும். அது தகும் என்பதுதான் என் எண்ணம்.

அடுத்தது வெளியே தெரியாத குறை: காலாவதி. மெடிக்கல் ஷாப்பில் தேதி நெருங்கிய மருந்தை டிஸ்ட்ரிபியூட்டரிடம் திருப்பிவிடுவோம். இங்கே காலாவதியான ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத வேண்டும். ஆடிட்டில் பாரா (தணிக்கை ஆட்சேபம்) வந்தால் ஓய்வு பெறும்வரை துரத்தும். அதனால் என்ன நடக்கிறது என்றால், ஸ்டோர் பொறுப்பில் இருக்கிறவர் தேவைக்குக் கொஞ்சம் குறைவாகவே இன்டென்ட் போடப் பழகிவிடுகிறார். மிஞ்சிப்போன மருந்துக்குக் கணக்கில் ஒருவர் பெயர் இருக்கும். மருந்து இல்லை என்று திரும்பிப்போனவரின் பெயர் எந்தக் கணக்கிலும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ச்சல் கூட்டம் அலைமோதும்போது இது தெரிந்துவிடும். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுக் கைமாற்றாக வாங்கி ஓட்டுவோம். உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ள மருந்து ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்குவரை இடம் உண்டு என்றாலும், கொட்டேஷன் வாங்கி ஒப்புதல் கிடைப்பதற்குள் காய்ச்சல்காரர் வெளியே காசு கொடுத்து வாங்கிவிட்டிருப்பார்.

பாம்புக்கடி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது பயன்படாமல் காலாவதி ஆனால், அந்த அளவுக்கு யாரையும் பாம்பு கடிக்கவில்லை என்று அர்த்தம். அதையும் நஷ்டமாக எழுதுகிற முறை சரியில்லை. ஆனால் இந்தக் கெடுபிடியை மொத்தமாக எடுத்துவிட்டால் வேண்டாததை வாங்கிக் குவிப்பதும் திருட்டும் வரும் என்பதையும் நான் மறுக்க மாட்டேன்.

இன்சுலின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியே பேனா வடிவ ஊசியில் போடுகிறவர்கள் இங்கே வந்தால் குப்பியும் சிரிஞ்சும்தான். அளவை மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டும். ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் தண்ணீர் ஊற்றிய மண்பானையில் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது நேரம்தான். ஓ.பி. சீட்டு, டாக்டர், ரத்தப் பரிசோதனை, மறுபடி டாக்டர், கடைசியாக என் சன்னல். ஒரு மாத மாத்திரைக்காகக் கட்டட வேலைக்குப் போகிறவர் மாதம் ஒரு நாள் கூலியை விடுகிறார். நாடு முழுவதும் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து போடுவது 2013-14ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22ல் 39.4 சதவீதமாகக் குறைந்ததாகத் தேசிய சுகாதாரக் கணக்கு சொல்கிறது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் வரிசையில் நின்றதால் போன கூலி அந்தக் கணக்கில் சேராது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய, வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டோடு இருக்கும் முதியவர்களின் இந்தச் சுமையை நிறையவே இறக்கியிருக்கிறது. தன்னார்வலர் பகலில் வரும்போது வேலைக்குப் போயிருப்பவர்தான் இன்னும் என் வரிசையில் நிற்கிறார்.

கொரோனா ஊரடங்கின்போது இரண்டு மாத மாத்திரையை மொத்தமாகக் கொடுத்தோம். யாரும் வீணாக்கியதாக நான் பார்க்கவில்லை. சுகரும் பிரஷரும் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு அதையே நிரந்தரமாக்கலாம். கையிருப்பு கூடுதலாக வைக்க வேண்டியிருக்கும், நடுவில் டோஸ் மாறினால் கொஞ்சம் வீணாகும், பரிசோதனைக்கு வராமல் விட்டுவிடுவார்களோ என்ற டாக்டர்களின் கவலையும் நியாயமானது. அதனால் எல்லோருக்கும் வேண்டாம், யாருக்குக் கொடுக்கலாம் என்பதை அந்தந்த ஆஸ்பத்திரி டாக்டரே முடிவு செய்யட்டும், அதற்குத் தகுந்தபடி பாஸ்புக் தொகையைக் கூட்டித் தாருங்கள் என்று எங்கள் மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவரும் மேலே அனுப்பியிருக்கிறார்.