பூமி நிலைமாறினாலும்

இன்று யாங்கோனில் எங்கள் தமிழ் ஆராதனையில் 46ஆம் சங்கீதத்தை வாசித்த அம்மையார், 'பூமி நிலைமாறினாலும்' என்ற இடத்தில் சற்றே நின்று, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, முன்னிலும் உரத்த குரலில் தொடர்ந்தார்.

2025 மார்ச் 28 அன்று 7.7 அளவில் நிலம் குலுங்கியபோது, அவர் மண்டலேயில் மகள் வீட்டில் இருந்தவர்.

நிலம் அசையாது என்று அந்தச் சங்கீதம் எங்கும் சொல்லவில்லை (ஆறுதல் சொல்ல வருகிறவர்கள்தாம் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள்); அசைந்தாலும் பயப்படோம் என்றே சொல்கிறது.

இதே நாட்டில், 1824இல் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறைப்பட்ட அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன், புதிய ஏற்பாட்டின் பர்மியக் கையெழுத்துப் படியைத் தலையணைக்குள் வைத்துக் காத்தார்.

விடுதலைக்குப் பின் மனைவியையும் குழந்தையையும் இழந்து, நெடுங்காலம் துயரத்தில் ஒடுங்கிக் கிடந்தவர், 1834இல் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார்.

அந்தத் துயரத்தை அவிசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.