மூலனூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் கொறங்காடு

2024 ஆகஸ்ட் 3, சனி

ஆடியில் வாங்குவதற்குக் காடு பார்க்கலாம், அட்வான்ஸ் மட்டும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அம்மா அனுப்பினார். திருப்பூர் மாவட்டத்து மூலனூருக்குத் தெற்கே, இருபுறமும் வேலியிட்ட இட்டேரிப் பாதை முடிந்து இன்னும் ஒரு காடு தள்ளி, நான்கு புறமும் கிளுவை உயிர்வேலி அடைத்த கொறங்காடு, அதாவது ஆடுமாடு மேயும் மானாவாரிப் புல்நிலம் அது. கொழுக்கட்டைப்புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் நின்றாலும், தூரைக் கிள்ளிப் பார்த்தபோது உள்ளே பச்சை இருந்தது. ஐப்பசி மழைக்குத் துளிர்த்துவிடும். வெள்வேல மரங்கள் பதினேழு. புல் தீர்ந்த கோடையில் அவை உதிர்க்கும் காய்தான் ஆடுகளுக்குத் தீனி என்பதால், விற்கும் ஆத்தா விலையைச் சொல்வதற்கு முன்பே, "மரத்த மட்டும் வெட்டிப் போடாதீங்க சாமி" என்றார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

முப்பது வருட வில்லங்கச் சான்றில் குறையில்லை. பட்டாவில் 1.21.5 ஹெக்டேர், அதாவது மூன்று ஏக்கர். சிக்கல், முன்காட்டின் வழியே உள்ளே போகும் தடத்தில்தான். 1968ஆம் ஆண்டு மூலப்பத்திரத்தில் "ஆள், மாடு, வண்டி போக வர மாமூல் தடப்பாத்தியம்" என்று வழி உரிமை தெளிவாக இருப்பது, 2003இல் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் விடுபட்டிருக்கிறது. "எல்லாரும் அப்படித்தானுங்க போறாங்க" என்கிறார் தரகர். இன்று எல்லோரும் போகலாம்; நாளை முன்காட்டுக்காரர் வேலி வாயிலை அடைத்துவிட்டால் ஆட்டைத் தோளிலா தூக்கிப் போவது?

ஆகஸ்ட் 21, புதன்

ஆவணி பிறந்ததும் அளந்தோம். நில அளவைப் புலப்படத்தோடு ஒப்பிட்டபோது, வடகிழக்கு மூலையில் வேலி இரண்டடி உள்வாங்கியிருந்தது. உயிர்வேலியைப் பெயர்த்து நடுவது பகைக்கு வித்து, விட்டுவிட்டோம். அந்த நல்லெண்ணத்தாலோ என்னவோ, முன்காட்டுக்காரர் தடத்துக்குச் சம்மத சாட்சியாகக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார்.

செப்டம்பர் 5, வியாழன்

வளர்பிறையில் கிரயம் முடிந்தது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தும், கட்டும்போது வலிக்கத்தான் செய்தது. பத்தடித் தடத்தைச் சொத்து விவரத்தில் எழுத வைத்து, எழுத்தரை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திட்டேன். வெளியே வந்ததும் ஆத்தா, தன் ஐந்து செம்மறிகள் தை வரைக்கும் அங்கேயே மேய்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டார். சரி என்றேன்; அதை எங்கும் எழுதவில்லை.