கால்வாய்க் கரைக் காவலரண்கள்: 1940-ஆம் ஆண்டின் தடுப்புக் கோடு ஒன்றை ஆராய்ந்த அனுபவம்

இங்கிலாந்தின் ரெடிங் நகரிலிருந்து பாத் நகரைத் தாண்டி 87 மைல் நீளத்துக்குச் செல்லும் கென்னட்–ஏவன் கால்வாயின் ஓரமாக, பெரும்பாலும் அதன் வடபுறத்தில், செங்கல்லும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிய சிறு கட்டடங்கள் முட்புதருக்குள் பாதி மறைந்து நிற்பதைக் காணலாம். ஊர்மக்கள் 'பில்பாக்ஸ்' என்று அழைக்கும் இந்தக் காவலரண்கள், ஜெர்மானியப் படையெடுப்பு எந்த நாளும் நிகழலாம் என்ற அச்சத்தில் 1940-ஆம் ஆண்டுக் கோடையில் அவசர அவசரமாக எழுப்பப்பட்டவை. ரெடிங்கில் குடியேறிய பின் இவற்றை முறையாக ஆராயத் தொடங்கினேன். எந்த ஆவணத்தை எங்கே கேட்பது, வயலில் எதை அளப்பது, கண்டறிந்ததை யாரிடம் சேர்ப்பது என்பவற்றை ஒவ்வொன்றாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதே ஆர்வம் உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரான்சின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து பிரித்தானியப் படை மீட்கப்பட்டுக்கொண்டிருந்த 1940 மே மாத இறுதியில், உள்நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாக ஜெனரல் ஐயன்சைடு பொறுப்பேற்றார். ஆட்கள் திரும்பி வந்தார்கள். டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளும் வாகனங்களும் பெருமளவில் பிரான்சிலேயே கைவிடப்பட்டன. வேகமாக நகர்ந்து போரிடும் படை கையில் இல்லாத நிலையில், கடற்கரையில் ஒரு மெல்லிய தடுப்பு, அதற்குப் பின்னால் நாட்டின் உட்பகுதியில் பல தடுப்புக் கோடுகள், அவற்றுள் முதன்மையானதாக லண்டனையும் நடுநாட்டுத் தொழில் நகரங்களையும் காக்கும் ஜி.எச்.கியூ. (பொதுத் தலைமையகக்) கோடு என்று அவர் திட்டமிட்டார். ஆறுகளும் கால்வாய்களும் டாங்கிகளுக்கு ஆயத்தமான அகழிகளாக அமைந்திருந்ததால் கோடு அவற்றை ஒட்டியே வரையப்பட்டது. கென்னட்–ஏவன் கால்வாய் அதன் ஒரு பகுதி. கிழக்கே பேசிங்ஸ்டோக் கால்வாய், வெய் ஆறு, மெட்வே ஆறு என்று அது தொடர்ந்தது. ஜூலை மாதத்தில் ஐயன்சைடுக்குப் பதிலாகப் பொறுப்பேற்ற ஜெனரல் ஆலன் புரூக், அசையாத கோடுகளைவிட விரைந்து எதிர்த்தாக்கும் சேமப்படைகளையே நம்பினார். ஆகவே இன்று நாம் காணும் அரண்களில் பெரும்பாலானவை சில மாத கால உழைப்பின் விளைவு. அந்தச் சில மாதங்களுக்கான தாள்களைத் தேடுவதுதான் இந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி.

முதல் வேலை, ஏற்கெனவே பதிவானது எது என்று பார்ப்பது. பிரித்தானியத் தொல்லியல் மன்றம் 1995 முதல் 2001 வரை நடத்திய 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' திட்டத்தில், நாடெங்கும் தன்னார்வலர்கள் சுமார் 20,000 இடங்களைப் பதிவு செய்தார்கள். அந்தத் தரவு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதனுடன், ஒவ்வொரு மாவட்ட நிர்வாகமும் பராமரிக்கும் வரலாற்றுச் சூழல் பதிவேட்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டிலும் ஒரே அரண் வெவ்வேறு எண்களில் இருமுறை இடம்பெற்றிருக்கலாம். பழைய பதிவுகள் பலவற்றில் இடத்தைக் குறிக்க ஆறு இலக்க எண் மட்டுமே உண்டு. அது 100 மீட்டர் சதுரம் ஒன்றைத்தான் சுட்டும் என்பதால், வேலிப்புதர் அடர்ந்த இடத்தில் அரண் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அந்த எண்ணை மட்டும் கொண்டு சொல்ல இயலாது.

அடுத்து லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். வாசகர் அட்டை பெற்று, வேண்டிய கோப்புகளை முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டுப் போவது நல்லது. வாசிப்பறைக்குள் பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டுமே. சொந்தக் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆராய்ச்சிக்கு இரண்டு வரிசைகள் இன்றியமையாதவை. டபிள்யூ.ஓ. (போர் அமைச்சகம்) 166 என்பது உள்நாட்டில் இருந்த படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள், டபிள்யூ.ஓ. 199 என்பது உள்நாட்டுப் படைகளின் தலைமையகங்களும் மண்டலக் கட்டளையகங்களும் வைத்திருந்த கோப்புகள். நாட்குறிப்புகள் ஊர்ப்பெயரால் அல்ல, படைப்பிரிவின் பெயரால் அடுக்கப்பட்டவை. ஆகவே குறிப்பிட்ட மாதத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பிரிவு இருந்தது என்று தெரிந்தால்தான் கோப்பையே கேட்க முடியும். அந்தக் கோடையில் பிரிவுகள் அடிக்கடி இடம் மாறின. நான் மேலிருந்து கீழே வந்தேன். முதலில் தென்மண்டலக் கட்டளையகத்தின் கோப்புகள், பிறகு கோர், டிவிஷன், பிரிகேட் என்று இறங்கி, கடைசியாக பட்டாலியனுக்கும் ராயல் எஞ்சினியர்ஸ் எனும் ராணுவப் பொறியியல் படையின் கம்பெனிகளுக்கும் வந்தேன்.

சி.2118 என்ற படிவத்தில் தட்டச்சு செய்த நாட்குறிப்பின் நாள்வாரிக் குறிப்புகள் பெரும்பாலும் ஏமாற்றமளிக்கும். வந்தோம், பயிற்சி செய்தோம், குறிப்பிடத்தக்கது எதுவும் இல்லை என்பதோடு பல நாள்கள் முடிந்துவிடுகின்றன. உண்மையான செல்வம் பின்னிணைப்புகளில் இருக்கிறது. பாதுகாப்புத் திட்டங்கள், பாலங்களைத் தகர்ப்பதற்கான உத்தரவுகள், கட்டுமான முன்னேற்ற அறிக்கைகள் எல்லாம் அங்கேதான் கோக்கப்பட்டிருக்கும். அவற்றுடன் சில நேரம் மெல்லிய வரைதாள் ஒன்றும் மடித்து வைக்கப்பட்டிருக்கும். நான் விரித்துப் பார்த்த அத்தகைய தாள் ஒன்றில் ஊரும் இல்லை, சாலையும் இல்லை. மூலைகளில் இரண்டு சிலுவைக் குறிகளும் அவற்றின் அருகே எண்களும், நடுவில் வண்ணப் பென்சிலால் இழுத்த ஒரு கோடும், அதன் மேல் சிறு முக்கோணங்களும் மட்டுமே இருந்தன. அந்தச் சிலுவைகளை ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் வரைபடத்தின் கட்டக் (கிரிட்) கோடுகளோடு பொருத்தி வைத்தால்தான் தாள் பேசத் தொடங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து இடங்களுக்கு எண் தருவதில், போர்க்கால ராணுவ வரைபடங்கள் காசினி கட்ட முறையைப் பயன்படுத்தின. இன்றைய தேசியக் கட்ட முறை போருக்குப் பிறகே பரவலானது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல ஆறு இலக்க எண்களைத் தருவதால், நாட்குறிப்பில் உள்ள எண்ணை அப்படியே இன்றைய வரைபடத்தில் தேடினால் சம்பந்தமே இல்லாத ஊருக்குப் போய்ச் சேர நேரிடும். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் உள்ளன. மாற்றிய பின்னும், பாலம், தேவாலயம் போன்ற அசையாத ஓர் இடத்தின் எண் அதே ஆவணத்தில் இருந்தால் அதைக் கொண்டு சரிபார்த்துக்கொள்வது நலம்.

பாதுகாப்புக் காரணமாக அக்காலத்தில் பொதுமக்களுக்கான வரைபடங்களில் இவை இடம்பெறவில்லை. உள்ளூர்ச் செய்தித்தாள்களும் தணிக்கையின் கீழ் இருந்தன. அந்தக் குறையை நிறைப்பவை, போர் முடிந்த ஓரிரு ஆண்டுகளில் விமானப்படை நாடு முழுவதையும் மேலிருந்து எடுத்த ஒளிப்படங்கள். ஸ்விண்டனில் உள்ள ஹிஸ்டாரிக் இங்கிலாந்து காப்பகத்துக்கு இடத்தின் எண்ணை அனுப்பினால், அந்தப் பகுதிக்கு எந்தெந்தப் படங்கள் உள்ளன என்ற பட்டியலைத் தருவார்கள். நேரில் சென்று பார்ப்பதையே நான் வலியுறுத்துவேன். அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதிக்கு மேல் கவிந்திருப்பதால், அத்தகைய இரண்டை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்க்கும்போது, மரங்களும் கரைகளும் தாளிலிருந்து எழுந்து நிற்கின்றன. தட்டையாகப் பார்க்கும்போது சாம்பல் புள்ளியாகத் தெரிந்தது, நிழலோடு நிற்கும் அறுகோணக் கட்டடம் என்று உறுதியாகிறது. கால்வாயோ ஆறோ இல்லாத இடங்களில் தோண்டிய டாங்கி எதிர்ப்பு அகழிகள் போர் முடிவதற்குள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டாலும், புது மண்ணின் வெளிறிய தடம் இப்படங்களில் வளைந்து வளைந்து செல்வதைப் பின்தொடர முடிகிறது.

இவ்வளவும் கையில் வந்தபின் வயலுக்குப் போனேன். போர் அமைச்சகத்தின் அரண் கட்டுமானப் பிரிவு வெளியிட்ட வரைபடங்களின்படி இவை வகை எண்களால் அறியப்படுகின்றன. அதிகம் காணக்கூடியது வகை 24. அது ஒழுங்கற்ற அறுகோணம். வாயில் உள்ள பின்சுவர் சுமார் 14 அடி, மற்றவை ஏறக்குறைய அதில் பாதி. வகை 28 டாங்கி எதிர்ப்புப் பீரங்கிக்கானது. சுமார் மூன்றரை அடிச் சுவர், முன்னால் அகன்ற திறப்பு, பின்னால் பீரங்கியை உருட்டிக் கொண்டுவரும் அளவுக்கு வழி. 2 பவுண்டர் (எறியும் குண்டின் எடையால் பெயர் பெற்ற) டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் போதாததால், சில இடங்களில் முதல் உலகப் போர்க்காலத்து 6 பவுண்டர் ஹாட்ச்கிஸ் பீரங்கிகளை வைத்தார்கள். தரையில் வட்டமாகப் பதித்த போல்ட்டுகள் எஞ்சியிருந்தால் அதற்கு அவையே சாட்சி.

கின்ட்பரி அருகே ஒரு வகை 24 அரணில் நான் அதிக நேரம் செலவிட்டேன். வெளியே செங்கல் வரிசை; அது அழகுக்காக அல்ல, மரம் தட்டுப்பாடாக இருந்ததால் செங்கல்லையே நிரந்தர சென்ட்ரிங்காக வைத்து உள்ளே கான்கிரீட் கொட்டியிருக்கிறார்கள். உள்ளே மேல்தளத்தில் பலகைகளின் நரம்போட்டம்கூடத் தெளிவாகப் பதிந்திருக்கிறது. நடுவில் ஒரு தடுப்புச் சுவர். ஒரு துளை வழியே நுழையும் குண்டு எதிர்ச்சுவரில் பட்டுத் தெறித்து ஆட்களைத் தாக்காதிருக்க அது கட்டப்பட்டது. ஒவ்வொரு சுடுதுளையின் பின்னும் நின்று திசைகாட்டியால் கோணத்தைக் குறிக்க வேண்டும் என்றாலும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி திசைகாட்டியின் முள்ளை இழுத்துவிடும் என்பதால், வெளியே சில அடி விலகி நின்று சுவரின் திசையை அளந்து, அதிலிருந்து கணக்கிடுவதே சரியானது. அப்படி அளந்த கோணங்களை வரைபடத்தில் கோடுகளாக இழுத்தபோதுதான் அந்த அரண் எனக்குப் புரிந்தது. இன்று மரங்கள் மறைத்திருக்கும் பாலத்தின் மேல் இரண்டு கோடுகள் சந்தித்தன. மற்றொன்று அடுத்த அரணின் முகப்பைத் தொட்டுச் சென்றது. ஒன்று மற்றொன்றைக் காக்கும்படியாகவே அவற்றின் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது. எந்த அரணையும் தனியாக ஆராய்வதில் பொருளில்லை என்று நான் உறுதியாகக் கருதுவது இதனால்தான். அது எதைப் பார்த்து நிற்கிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை அளவுகள் வெறும் அளவுகளே.

செடிகொடிகள் பட்டுப்போன குளிர்காலமே பார்வைக்கு ஏற்றது. ஆனால் இந்த இருண்ட அறைகளில் வௌவால்கள் குளிர்கால உறக்கம் கொள்வதும் அப்போதுதான். அவற்றைத் தொந்தரவு செய்வது சட்டப்படி குற்றம். வௌவால் இருப்பதற்கான அறிகுறி தெரிந்தால் உள்ளே நுழையாமல் வெளி அளவுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். பொது நடைபாதையை விட்டு விலகும் எந்த இடத்துக்கும் நில உரிமையாளரின் அனுமதி வேண்டும். என் நோக்கத்தையும் ஒரு பழைய வான்படத்தின் நகலையும் இணைத்துக் கடிதம் எழுதும் வழக்கம் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. தங்கள் நிலத்தை 1940-களின் படத்தில் பார்த்த சில பண்ணைக் குடும்பத்தார், மூடிய அகழி எங்கே ஓடியது, உழும்போது எங்கே கம்பி தட்டுப்படுகிறது என்று தாமாகவே காட்டினார்கள். ஒருவர் மட்டும் உறுதியாக மறுத்துவிட்டார். அந்த அரண் எதிர்க்கரையிலிருந்து எடுத்த படங்களோடு மட்டுமே என் பதிவில் இருக்கிறது.

கண்டறிந்ததை மாவட்டப் பதிவேட்டு அலுவலருக்கு அனுப்புவது இறுதிக் கட்டம். பத்து இலக்க இட எண், அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், ஒவ்வொரு சுடுதுளையின் திசை, சுவர்த் தடிமன், பார்த்த நாள், தற்போதைய நிலை, சான்றான ஆவணத்தின் கோப்பு எண் ஆகியவற்றை அவர்கள் எதிர்பார்க்கிறார்கள். எது நேரில் கண்டது, எது ஊகம் என்பதைப் பிரித்து எழுதினால் பதிவு விரைவில் ஏற்கப்படுகிறது. இந்த அரண்களில் மிகச் சிலவே சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளன. மற்றவற்றை ஒட்டி யாராவது கட்டட அனுமதி கேட்கும்போது, திட்டமிடல் அதிகாரிகள் ஆலோசிப்பது இந்தப் பதிவேட்டைத்தான். ஆகவே கட்டுரையாக எழுதி வெளியிடுவதற்கு முன்பே பதிவேட்டுக்கு அனுப்பிவிடுமாறு இதில் இறங்குபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.