ஓவன் போட் போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்கிற அக்காமாருக்காக இதை எழுதுகிறேன். டிஜிட்டல் ஓவனில் இலக்கம் தெரிகிறது, விசிறி சுற்றுகிறது, ஆனால் சூடு ஏறவில்லை என்றால் திருத்துகிற இடத்தில் முழு போட்டையும், அதாவது ஓவனை இயக்குகிற எலெக்ட்ரோனிக் பலகையை, மாற்றச் சொல்வார்கள், அந்தக் காசுக்குப் புது ஓவனே வாங்கலாம் போல இருக்கும்.

கொஞ்சம் பொறுங்கள். பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும் என்பதால் சற்று நேரம் விட்டு, வேலை தெரிந்த ஒருவரைக் கொண்டு ஹீட்டரை மல்டிமீட்டரால் அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்றால் ஏறக்குறைய 26 ஓம் காட்ட வேண்டும். அப்புறம் சூட்டை அளக்கிற சென்சர், அது பிடி 1000 (PT1000) வகை என்றால் நம்முடைய வெயிலுக்கு 1110, 1120 ஓம் அளவில் நிற்கும். இரண்டும் சரி என்றால் மட்டும் போட்டைப் பாருங்கள், அதிலும் பல தடவை ரிலே (ஹீட்டருக்குக் கரண்டை விட்டு நிறுத்துகிற சுவிட்ச்) அல்லது உப்பிப்போன ஒரு சின்னக் கெப்பாசிட்டர்தான் காரணம். சித்தியின் ஓவனில் ரிலேதான், அதை மட்டும் மாற்றினோம், இப்போது நன்றாக வேலை செய்கிறது.

ஓஃப் பண்ணிய பிறகும் சூடு ஏறிக்கொண்டே போனால் ரிலேயின் முனைகள் ஒட்டியிருக்கக்கூடும். அந்த ஓவனைத் திருத்தும் வரை தயவுசெய்து பாவிக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள்.