எழுத்துப் பெட்டிக்குள் எத்தனை மொழி

பல மொழிப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் மாற்றுப் பள்ளியில், பன்மையை ஆண்டுக்கொரு பண்பாட்டு விழா காட்டிவிடாது. எழுத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

மாண்டிசோரி வகுப்பில் 3 முதல் 6 வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருப்பார்கள். பென்சில் பிடிக்கக் கை பழகுமுன்பே, பெட்டியிலிருந்து வெட்டிய எழுத்துகளை எடுத்துப் பாயில் அடுக்கிச் சொல் கட்டுவார்கள். 1907இல் ரோமில் தொடங்கிய முறை. லத்தீன் எழுத்தைக் கருதிச் செய்த பெட்டி. ஆங்கிலத்துக்கு 26 அறை போதும். தமிழுக்கு 247 அறை போட்டால் அது பெட்டியல்ல, அலமாரி. எல்லாவற்றையும் துணையெழுத்தாகப் பிரிக்கவும் வழியில்லை. கு, சு, பு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக வளையும். கி, டி போன்றவற்றில் குறி எழுத்தோடேயே ஒட்டிக்கொள்ளும்.

அதனால் இ, ஈ, உ, ஊ வரிசைகளின் 72 எழுத்தையும் முழுசாக வெட்டிவிடுவது நல்லது. உயிர் 12, ஆய்தம், மெய் 18, அகர வரிசை 18 சேர்த்தால் 121. மீதி 126 எழுத்துக்கு ஐந்தே துணையெழுத்து போதும். அவற்றை வேறு நிறத்தில் வெட்டலாம். கா, பா, மா முதலில் வரட்டும். துணைக்கால் ஒட்டாமல் வலப்பக்கம் நிற்பதால் எளிது. ‘கொ’ கடைசியில். காதில் ‘க்’ முதலில் கேட்கிறது, பாயிலோ கொம்பை முதலில் வைக்க வேண்டியிருக்கிறது. ஒலி வரிசையில் அடுக்கிப் பழகிய பிள்ளை இங்கே தடுமாறுவது பிள்ளையின் குறையல்ல.

அரபி வலமிருந்து இடம் போகும். 28 எழுத்தில் 22க்கு, சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து நான்கு வடிவம். மற்ற ஆறுக்கு இரண்டு. இணைகோடு எல்லா அட்டையிலும் ஒரே உயரத்தில் விளிம்பைத் தொட வேண்டும். அரை சென்டிமீட்டர் பிசகினாலும் சொல் சேராது. உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்தை விரலால் தடவுவதற்கும் திசை உண்டு. அந்த மொழி அறியாத ஆசிரியர் ஊகித்துக் காட்டினால், தவறு பிள்ளையின் விரலில் தங்கிவிடும். பெற்றோர் ஒருவரை வரவழைத்துத் தடவிக் காட்டச் சொல்வதே முறை.

புது மொழிக்குள் வந்த பிள்ளை சில மாதம் வாயே திறக்காமல் இருக்கலாம். அதை மந்தம் என்று பதிவேட்டில் எழுதுவது அவசரம். எதிர்ப்பக்கத் தவறு இன்னும் மோசம்: விளையாட்டிடத்தில் சரளமாகப் பேசுகிறதே என்று மொழி உதவியை நிறுத்திவிடுவது. பேச்சுத் திறன் இரண்டு ஆண்டுக்குள் வந்துவிடும். பாட மொழி கைவர ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் ஆகும். இவ்விரண்டையும் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பிரித்துக் காட்டியும் பள்ளிகள் இன்னும் குழப்பிக்கொள்கின்றன.

பெற்றோர் விஷயம் வேறு. தேர்வில் தேறியே வாழ்க்கையில் முன்னேறிய குடும்பத்துக்கு, பிள்ளை தன் வேலையைத் தானே தேர்ந்தெடுப்பது ஆசிரியரின் அசட்டையாகத்தான் படும். தத்துவம் பேசிப் பயனில்லை. வகுப்பு நேரத்தில் அரைமணி நேரம் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, பிறகு பிள்ளையின் பதிவேட்டைப் பிரித்துக் காட்ட வேண்டும். மொழிபெயர்க்கப் பெரியவர் ஒருவர் இருக்கட்டும். அக்காவையோ அண்ணனையோ நிறுத்தினால், கசப்பான பகுதியைத் தங்கைக்காக விழுங்கிவிட்டுத்தான் சொல்வார்கள்.